ரோசியின் தாகம்

எங்கள் மகள் ரோசிக்கு ஒன்றரை வயது தாண்டியிருந்தது. அவளுடைய தாகத்தை முதலில் நாங்கள் விளையாட்டாகத்தான் பார்த்தோம். குளிப்பாட்டும்போது தலையில் ஊற்றும் தண்ணீரை வாயைத் திறந்து பிடிப்பாள். யார் கையிலாவது டம்ளரைப் பார்த்துவிட்டால் தவழ்ந்து வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். பால் புட்டியைத் தள்ளிவிட்டுத் தண்ணீர்ப் புட்டியைக் காட்டுவாள். ஒருநாள் என் மனைவி லூர்து தரை துடைத்துவிட்டுப் பிழிந்து வைத்திருந்த துணியை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அன்று மட்டும் லேசாகப் பயம் வந்தது. அப்புறம் அதையும் மறந்துபோனோம்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அது சித்திரை மாதம். வெளியே நின்றால் உடம்பு உருகிவிடும்போல் இருந்தது. "வெயிலுக்குத் தண்ணி குடிக்கிறா, குடிக்கட்டுமே" என்று சொல்லிக்கொண்டோம்.

எங்களை உண்மையில் வாட்டியது மலச்சிக்கல். நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் போவாள். போகும்போது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க நிற்பாள். லூர்து அவள் பின்னால் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுவாள். உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் கொடுத்தோம். வாழைப்பழம் கொடுத்தோம். விளக்கெண்ணெயைத் தொப்புளைச் சுற்றித் தடவினோம். கடலூரில் குழந்தை டாக்டரிடம் காட்டியபோது மலத்தை இளக்கும் சிரப் எழுதிக் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நாங்கள் அவரிடம் மலச்சிக்கலைச் சொன்னோம். தாகத்தைச் சொல்லவில்லை. அது ஒரு நோயின் அடையாளமாக இருக்கலாம் என்றோ, இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்றோ எங்களுக்குத் தோன்றவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு பெற்றோருக்காவது இது பயன்படட்டும்.

வேறு சிலவும் இருந்தன. அவள் எடை ஏறவே இல்லை. அவள் பிறந்த சமயத்தில் பிறந்த எங்கள் தெருப் பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிட்டார்கள். இவள் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி. பேச்சும் வரவில்லை. "சில புள்ளைங்க லேட்டாதான் பேசும்" என்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சிதம்பரத்திலிருக்கும் லூர்துவின் அப்பா வீட்டுக்குப் போனோம். அவர் எனக்கு மாமனார் மட்டுமல்ல, என் அம்மாவின் உடன்பிறந்த அண்ணன். பிறந்ததிலிருந்து நான் மாமா என்று கூப்பிடுகிறவர். கேட், ஜன்னல் கம்பி அடித்துக் கொடுக்கும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். என் அம்மா இறப்பதற்கு முன்பே பேசி வைத்ததுதான் எங்கள் கல்யாணம். மிக நெருங்கிய உறவு என்பதால் பங்குச் சாமியார் மேலிடத்தில் தனி அனுமதி வாங்கித் தந்த பிறகே கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்தார்கள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாமா எங்களைப் பிச்சாவரத்துக்குக் கூட்டிப்போனார். துடுப்புப் படகில் சுரபுன்னை மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். ரோசிக்கு என்று கொண்டுபோயிருந்த புட்டி பாதி வழியிலேயே காலியாகிவிட்டது. எங்களுக்கு வைத்திருந்த பாட்டிலையும் குடித்து முடித்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். சுற்றிலும் தண்ணீர், அத்தனையும் உப்பு. அவள் லூர்துவின் மடியிலிருந்து நழுவி, படகின் விளிம்பில் குப்புற விழுந்து, தண்ணீரை நோக்கிக் கையை நீட்டினாள். நான் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். ஓட்டிக்கொண்டிருந்தவர் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"என்னாங்க, புள்ளைக்கு இவ்ளோ தாகமா?" என்று கேட்டுத் தன் காலடியிலிருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். "குடுங்க. நான் கரைக்குப் போயி குடிச்சுக்கிறேன்."

அதையும் மூச்சுவிடாமல் குடித்தாள். குடித்து முடித்தபோது அவள் மார்புக்கூடு வேகவேகமாக ஏறி இறங்கியது. ஓடி வந்தவள் மூச்சு வாங்குவதுபோல இருந்தது. ஆனால் அவள் எங்கும் ஓடியிருக்கவில்லை. லூர்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நாளைக்கு இங்கியே ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போலாம் மச்சான்" என்றாள்.

மறுநாள் காலை டாக்டரைத் தேட நேரமே இருக்கவில்லை. படுக்கையில் ரோசி கண் விழித்துக் கிடந்தாள். தூக்கினேன். தலை பின்னால் தொங்கியது. கையைத் தூக்கி விட்டால் அப்படியே விழுந்தது. காலைத் தரையில் ஊன்றவைத்தால் துணிபோல மடிந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அழ முயன்றாள். பூனைக்குட்டியின் சத்தம்தான் வந்தது.

"மாமா, வண்டிய எடுங்க" என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டது என்று பிறகு அத்தை சொன்னார்.

சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் ரோசியின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். தாகமும் வேகமான மூச்சும் இருந்தால் முதலில் சர்க்கரை நோயைத்தான் சந்தேகிப்பார்களாம். சர்க்கரை சரியாக இருந்தது. அவர் முகம் தெளிவதற்குப் பதிலாக இன்னும் இறுகியது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். இதயத் துடிப்பின் கோடு திரையில் ஓடத் தொடங்கியது. அதைப் பார்த்தவர் வேகமாகப் போய் ஒரு மூத்த டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். மணிக்கட்டிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். வழக்கமாக நரம்பில் எடுப்பார்கள். இது தமனியில் எடுப்பது, ரத்தத்தில் எவ்வளவு அமிலம் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக. ஊசி உள்ளே போனபோது ரோசியின் முகம் சுருங்கியது. கையை இழுத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா எங்களை வாசலில் நிறுத்திச் சொன்னார்.

"ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பு இருக்கு. பாப்பாவுக்கு அது ரொம்ப எறங்கிப்போச்சு. தசை வேலை செய்ய அது வேணும். அதனாலதான் கை கால் தூக்க முடியல."

"ஏத்துனா சரியாயிடுமா டாக்டர்?"

"ஏத்துறோம். ஆனா வேகமா ஏத்த முடியாது, இதயத்த பாதிக்கும். மெதுவா ஏத்துறதுக்குள்ள மூச்சு இழுக்குற தசை ஓய்ஞ்சிட்டா, மெஷின்ல வைக்க வேண்டியிருக்கும். சொல்லிடறேன், நீங்க தயாரா இருக்கணும்."

லூர்து சுவரில் சாய்ந்துகொண்டாள். "தண்ணி குடுக்கலாமா? கேப்பா."

"ஒரு சொட்டு வாய் வழியா குடுக்கக் கூடாதும்மா. முழுங்குற தசையும் தளர்ந்திருக்கலாம். மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்."

அந்தப் பகல் முழுவதும் அதுதான் எங்களுக்கு நரகமாக இருந்தது. உலகத்திலேயே தாகம் அதிகமான குழந்தைக்குத் தண்ணீர் கிடையாது. உடம்புக்கு வேண்டிய நீர் டிரிப்பில் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நாக்குக்கு அது தெரியாதே. நர்ஸ் பஞ்சை நனைத்து அவள் உதட்டை ஈரப்படுத்துவார். ரோசி அந்தப் பஞ்சை உதட்டாலேயே கவ்வப் பார்ப்பாள். லூர்து உள்ளே உட்கார்ந்திருக்கும்போது தன் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பிறகு அதை என்னிடம் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டாள். தானும் அன்று ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

பொட்டாசியம் போகிற நரம்பு எரியுமாம். ஏற்றுகிற மெஷின் அடிக்கடி கூவும். ஒவ்வொரு கூவலுக்கும் நான் திரையைப் பார்ப்பேன். கோடு ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே நர்ஸைக் கூப்பிடுவேன். ரோசியின் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவாச மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். குழாய்களெல்லாம் புதிதாக உறைக்குள் இருந்தன. நான் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டேன். ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். ஒரு மணியைக்கூட ஒழுங்காக முடிக்க முடியவில்லை. அவள் மூச்சைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் லூர்து என் தோளை அழுத்தினாள். "மச்சான், கட்டை விரல பாருங்க."

ரோசியின் கால் கட்டை விரல் அசைந்தது. தற்செயலா என்று பார்த்தேன். திரும்பவும் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் முழங்காலை மடக்கினாள். விளக்கு போடும் நேரத்தில் வாய்விட்டு அழுதாள். அந்தப் பிரிவில் ஒரு குழந்தை அழுததற்காக நர்ஸ் முதல் டாக்டர் வரை எல்லோரும் சிரித்தது அன்றுதான் இருக்கும். மறுநாள் அந்தச் சுவாச மெஷினை வேறு கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த, அந்தப் பிள்ளையின் அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்தடுத்த நாட்கள் சோதனைகளில் கழிந்தன. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகத்திலும் சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்து, அதன் முனை அகன்றிருந்தது. ரத்தத்தில் அமிலம் கூடியிருந்தது. ஆனால் சிறுநீரில் அது போயிருக்க வேண்டிய அளவுக்குப் போகவில்லை. டாக்டரம்மா ஒரு காகிதத்தின் பின்பக்கம் சிறுநீரகத்தை வரைந்து காட்டினார். நோயின் பெயர் டிஸ்டல் ரீனல் ட்யூபுலர் அசிடோசிஸ். பெயர் பயமுறுத்துகிறது, விஷயம் இதுதான். நாம் சாப்பிடுவதில் உண்டாகும் அமிலத்தைச் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் சிறுநீரில் தள்ளிவிட வேண்டும். ரோசியின் குழாய்களால் அது முடியவில்லை. அமிலம் ரத்தத்திலேயே தங்கியது. அதைச் சமாளிக்க உடம்பு வேகமாக மூச்சுவிட்டது, எலும்பைக் கரைத்தது. கரைந்த சுண்ணாம்பு சிறுநீரகத்தில் போய்ப் படிந்தது. கூடவே பொட்டாசியம் சிறுநீரில் கொட்டிப்போனது.

"பொட்டாசியம் கொறைஞ்சா கிட்னியால தண்ணியப் புடிச்சு வைக்க முடியாது. குடிக்கிறதெல்லாம் அப்படியே எறங்கிடும். அதான் அவ்ளோ தாகம்."

"மோஷன் போவாததுக்கும் இதுதான் காரணமா டாக்டர்?" என்று லூர்து கேட்டாள்.

"குடலும் தசைதானம்மா. அது தள்ளுனாத்தான மோஷன் போவும்? சோர்ந்து கெடந்திருக்கு."

எத்தனை திராட்சை ஊறவைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன். லூர்துவும் அதையே நினைத்திருப்பாள். அன்று சாயங்காலம் ரோசி எந்தக் கட்டில் காலையும் பிடிக்காமல், முகம் சிவக்காமல், டயபரில் போனாள். லூர்து அதைச் சுருட்டி எறியாமல் நர்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினாள். பக்கத்துக் கட்டிலில் காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்து பிள்ளையோடு இருந்த அக்கா, "இதுக்கு ஸ்வீட்டு வாங்கித் தரணும் நீங்க" என்றார். வாங்கியும் கொடுத்தேன்.

ஆனால் அதற்கு முன்பே டாக்டரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டிருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"எங்க அத்தை பையன்" என்றாள் லூர்து. மாமா அப்போது சாப்பாட்டுக் கேரியரோடு பக்கத்தில் நின்றிருந்தார். டாக்டரம்மா குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. இந்த நோய் பரம்பரையாக வரலாம், இருவரிடமும் வெளியே தெரியாமல் இருந்த ஒரே குறை பிள்ளையிடம் ஒன்றுசேர்ந்திருக்கலாம், அடுத்த பிள்ளை என்று யோசித்தால் முதலில் வந்து பேசுங்கள் என்றார். மாமா கேட்டார்: "சொந்தத்துல கட்டுனதாலதானா டாக்டர்?"

"சொந்தமில்லாதவங்களுக்கும் வரும் ஐயா. சொந்தத்துல வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான். இத தெரிஞ்சு யாரும் செய்யறதில்ல."

அதன் பிறகு மாமா வார்டுக்குள் வரவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டுக் காலையிலேயே வந்துவிடுவார். ஆனால் கேரியரை அத்தையிடம் கொடுத்து அனுப்பிவிட்டு வெளியே வேப்பமர நிழலில் நிற்பார். நான் போய்ப் பேசினால், "புள்ள எப்டி இருக்குறா மாப்ள?" என்று கேட்பார். பதில் சொன்னதும் வேறு பக்கம் பார்ப்பார். ஒருநாள் குரல் உடைந்துவிட்டது. "உங்கம்மாவுக்கு வாக்கு குடுத்தேன்னு கட்டி வச்சேன். இப்ப புள்ளைய ஊசியால கொடைய விட்டுட்டேனே மாப்ள."

இதை லூர்துவிடம் சொன்னேன். அவள் ரோசியை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றேன். கீழே மாமாவுக்கு எதிரில் அவள் இடுப்பில் கைவைத்து நிற்பது தெரிந்தது. சின்ன வயதிலிருந்து கோபம் வந்தால் அப்படித்தான் நிற்பாள். அவள் பேசியது மேலே நன்றாகவே கேட்டது.

"நீங்க கட்டி வச்சீங்களா? காலேஜ் முடிக்கும்போதே நான் அம்மாகிட்ட சொல்லிட்டேன், மச்சானத்தான் கட்டிக்குவேன்னு. அப்புறம்தான் நீங்க பேசுனீங்க. என் ஆசைய நீங்க எடுத்து உங்க பாவமாக்காதீங்கப்பா. மேல வாங்க. பேத்தி வெளையாட ஆளு இல்லாம கெடக்குறா."

கல்யாணமாகி நாலு வருஷத்தில் இதை அவள் என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பெரியவர்கள் பேசி முடித்தார்கள், அவளும் சரியென்றாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறி வந்தார். என் முகத்தைப் பார்த்தவர், "என்னா மாப்ள, சிரிக்கிற?" என்றார்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று நாங்கள் பையைக் கட்டிக்கொண்டிருந்த நாளில் டாக்டரம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"இன்னும் ஒண்ணு பாக்கணும். பாப்பா பேரச் சொல்லிக் கூப்ட்டா திரும்புறாளா?"

"திரும்புவா டாக்டர். சில நேரம் பாக்க மாட்டா, பிடிவாதம்" என்றேன்.

லூர்து பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள். "கேக்கல டாக்டர். எனக்குத் தெரியும்."

நான் அவளையே பார்த்தேன்.

"அப்பா பட்டறையில கிரைண்டர் ஓடும், இவ பக்கத்து ரூம்ல தூங்குவா. எல்லாரும் நல்ல புள்ள, நல்லா தூங்குறான்னு சொல்வாங்க. நான் பின்னாடி நின்னு கரண்டியால தட்டத் தட்டிப் பாத்திருக்கேன். திரும்ப மாட்டா. தரையில காலை ஓங்கி வச்சா திரும்புவா, அதிர்வு தெரியுதுல்ல? வாயில சொல்லிட்டா நெசமாயிடுமோன்னு இருந்துட்டேன்."

எத்தனை நாளாக அவள் இதை ஒற்றையாகச் சுமந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அவள் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தேன். அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

இந்த நோயில் சில பிள்ளைகளுக்குக் காதும் பாதிக்கப்படும் என்று டாக்டரம்மா விளக்கினார். சிறுநீரகத்தில் அமிலத்தைத் தள்ளுகிற அதே அமைப்பு உள்காதிலும் இருக்கிறதாம். ரோசியைத் தூங்கவைத்து, தலையில் ஒயர்களை ஒட்டி, காதுக்குள் ஒலியை அனுப்பி, மூளைக்கு அது போகிறதா என்று பார்த்தார்கள். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் கதவுக்கு வெளியே கைகோத்து உட்கார்ந்திருந்தோம். பெரும்பகுதி கேட்கவில்லை, முழுக்கச் செவிடு இல்லை என்றார்கள். சிறுநீரகத்துக்கு மருந்து இருக்கிறது. காலம் முழுக்கக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் வளர்வாள், நடப்பாள், மற்ற பிள்ளைகளைப்போல இருப்பாள். ஆனால் அந்த மருந்து காதைத் திருப்பித் தராது. காதுக்குக் கருவிதான்.

கடலூருக்குத் திரும்பினோம். மருந்து என்பது உப்பும் புளிப்புமாக இருக்கும் ஒரு திரவம். தினமும் மூன்று வேளை. நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். மாமாவும் பார்த்துவிட்டு, "த்தூ, மீன் கழுவுன தண்ணி கெட்டுது போ" என்றார். ரோசி வாயைப் பூட்டிக்கொள்வாள். நான் கையைப் பிடிக்க, லூர்து கன்னத்தை அழுத்த, பாதி உள்ளே போகும், பாதி எங்கள் சட்டையில். ஒரு வேளை தவறப்போகிறது என்றாலே அந்தத் திங்கட்கிழமை காலை எங்கள் கண்முன் வந்து நிற்கும். அதனால் விட்டதே இல்லை. சில வாரங்களில் தாகம் அடங்கியது. எடை ஏறியது. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது அவள் கதவிலிருந்து என் கால்வரை யாரையும் பிடிக்காமல் நடந்து வந்தாள்.

காது மெஷினை மாட்டிய முதல் நாள் பயந்து அலறினாள். பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். கட்டிலுக்கு அடியில், அரிசி டிரம்முக்குள், ஒருமுறை குப்பைக் கூடையில் தேடி எடுத்தோம். மெல்லப் பழகினாள். பேச்சுப் பயிற்சிக்கு வாரந்தோறும் சிதம்பரம் பஸ் ஏறினோம். லூர்து நாள் முழுக்க அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து அம்மா, அப்பா, தாத்தா என்று சொல்லிக்கொண்டிருப்பாள். ரோசி உதட்டைப் பார்ப்பாள். சத்தம் வரும், சொல் வராது. மாதங்கள் போயின.

ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். லூர்து மருந்தை ஊற்றி எடுத்துக்கொண்டு ரோசியின் பின்பக்கமாக வந்தாள். "ரோசி, மருந்து" என்றாள். ரோசி திரும்பினாள். மருந்தைப் பார்த்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, முகத்தைக் கோணி, சொன்னாள்:

"வேணாம்."

தெளிவாக, சத்தமாக, ஓர் எழுத்து குறையாமல்.

லூர்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். ரோசி எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாங்கள் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் உரக்கச் சொன்னாள். "வேணாம்! வேணாம்!"

இன்னொரு முறையும் சொல்லட்டும் என்று காத்திருந்து கேட்டுவிட்டு, நான் கையைப் பிடித்துக்கொண்டேன். லூர்து அழுதுகொண்டே கன்னத்தை அழுத்தி, மருந்தை முழுவதும் ஊட்டினாள்.